கயிறு விழுந்த பக்கம்

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வருகிறவர்கள் மலையைப் பார்ப்பார்கள், படிகளைப் பார்ப்பார்கள், முண்டியடித்து முருகனையும் பார்த்துவிடுவார்கள். தோளில் ஏறிய காவடிக்குப் பூக் கட்டியது யார் என்று மட்டும் பார்க்க மாட்டார்கள். அதில் தப்பில்லை. வேண்டுதலோடு வருகிறவனுக்கு நார் முடிச்சைப் பார்க்க நேரம் ஏது? ஆனால் அத்தனை நெரிசலில் இடிபட்டு மேலே போன பிறகும் பூ உதிராமல் நிற்கிறது என்றால், கட்டிய கை அப்படி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் அந்தக் கைகளில் ஒன்று கௌரியம்மாளுடையது.

குளத்துக்குப் போகும் வழியில் ஒரு சாக்கு விரிப்பு, ஒரு தண்ணீர்ச் சட்டி, நனைத்த வாழைநார், முன்னால் அரளியும் சம்பங்கியும் குவியலாக. இவ்வளவுதான் கடை. வாய் மட்டும் கொஞ்சம் பெரிய கடை. "பூவுக்கு இவ்ளோ பேரம் பேசுறியே, மேல போயி சாமிகிட்ட கேக்குற வரத்துல கொஞ்சம் கொறைச்சுக்கறியா?" என்பாள். பேரம் பேசியவன் சிரித்துக்கொண்டே சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் படியேறுவான்.

அந்த வாய்க்காரிக்குப் பதில் சொல்லத் தெரியாத கேள்வி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை ஊரே கேட்டது. "உன் வூட்டுக்காரரு இருக்காரா, இல்லியா?"

கணவன் துரைக்கண்ணு உலகச் சண்டைக்கு முன்பே ரங்கூனுக்கு அரிசி ஆலை வேலைக்குப் போனவன். ரங்கூனில் குண்டு விழுந்தது. அங்கிருந்த நம்மவர்கள் காட்டு வழியாக நடந்தே ஊர் வந்தார்கள். வந்தவர்களில் பள்ளிப்பட்டுக்காரர் ஒருவர், துரைக்கண்ணுவை ஓர் ஆற்றங்கரையில் பார்த்ததாகச் சொன்னார். கூட வந்தவரோ, அது வேறு துரைக்கண்ணு என்றார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. சண்டையே முடிந்துபோயிற்று. அப்போதும் இல்லை.

ஊருக்கு இது பெரிய சங்கடம். கௌரியம்மாளின் துக்கம் ஊருக்குச் சங்கடமில்லை, அதை அவளே சுமந்துகொண்டாள். அவளை எந்த வரிசையில் நிறுத்துவது என்பதுதான் சங்கடம். கல்யாண வீட்டில் குங்குமத் தட்டு ஒவ்வொருத்தியாக நீட்டப்பட்டு வரும். அவள் முன்னால் வந்ததும் நீட்டுகிறவளின் கை ஒரு நொடி நிற்கும். நின்றுவிட்டு நீளும். குங்குமத்தை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று கௌரியம்மாளுக்கும் தெரியாது. ஒரு பெண்ணை இப்படி நடுவில் நிற்கவைத்து வேடிக்கை பார்ப்பதற்கு ஊர் என்று பேர்!

இந்தச் சங்கடத்தால் உண்மையிலேயே தூக்கம் கெட்டவர் ஒருவர் உண்டு. துரைக்கண்ணுவின் அண்ணன் ராஜவேலு. நெல் மண்டியில் எடை போடுகிறவர், நல்ல மனிதர். அவருடைய மகள் கமலாவுக்கு இரண்டு முறை கரு தங்காமல் போயிருந்தது. ஜோசியர் சோழியை உருட்டி, "உங்க வீட்டு ஆவி ஒண்ணு தண்ணி கெடைக்காம அலையுது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ராஜவேலு கௌரியம்மாளிடம் வந்து நயமாகக் கேட்பார். தர்ப்பையில் உருவம் செய்து தம்பிக்குக் காரியம் பண்ணிவிடலாம், அதற்கு அவள் சம்மதிக்க வேண்டும். சம்மதித்தால் கழுத்துக் கயிற்றைக் கழற்றியாக வேண்டும். "யோசிச்சு சொல்லும்மா, நான் ஒண்ணும் அவசரப்படுத்தல" என்பார். மறு மாதம் மறுபடி வருவார்.

"பாக்கலாம் பாவா" என்பாள் அவள். கணவனின் அண்ணனை அந்தப் பக்கத்தில் பாவா என்றுதான் கூப்பிடுவார்கள்.

இப்படி இழுபறியாக இருந்த காலத்தில்தான் ஊரில் பெண்களுக்கென்று மத்தியான வகுப்பு ஒன்று தொடங்கியது. கொஞ்சம் படித்துவிட்டு நிறுத்தியவர்களை எட்டாம் வகுப்புப் பரீட்சைக்குத் தயார் செய்யும் வகுப்பு. தேறினால் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை கிடைக்கும் என்று பேச்சு. கௌரியம்மாள் நாலாவது படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள், ஓட்டமாகப் படிக்க வராது. ரங்கூனிலிருந்து கடுதாசி வந்த காலத்தில் அதை மளிகைக் கடையில் கொடுத்துத்தான் படிக்கச் சொல்வாள். புருஷன் தனக்கு எழுதியதை உப்புப் புளி வாங்க வந்தவர்களெல்லாம் கேட்டுவிட்டுப் போனது அவளுக்குள் முள்ளாகத் தைத்திருந்தது. அந்த வெட்கத்தில்தான் சேர்ந்தாள்.

பாடம் சொல்ல வந்தவள் அரக்கோணத்து ரயில்வே ஃபிட்டரின் மகள் ஷாஜாதி. வகுப்பில் இருந்த எல்லோரையும்விட வயதில் சின்னவள். வீட்டில் பேசுவது உருது, படித்ததும் நேசித்ததும் தமிழ். காலை வண்டியில் வந்து சாயங்கால வண்டியில் போவாள். பள்ளிக்கூடத்தின் பின்னறையில், உடைந்த பெஞ்சிகளுக்கு நடுவே, கையில் ஒரே ஒரு புத்தகத்தோடு நின்றாள். துணைப்பாடமாக வைத்திருந்த கதைப் புத்தகம் அது. பெயர் 'ஆற்றங்கரைச் செண்பகம்'. இருந்தது ஒரே பிரதி என்பதால் அவள் வாசிக்க மற்றவர்கள் கேட்க வேண்டும். செண்பகத்தின் கணவன் மாணிக்கம் கப்பலேறிப் போகிறான், அவள் ஆற்றங்கரை வீட்டில் காத்திருக்கிறாள். இதுதான் கதை. கணவன் கப்பலேறினான் என்று கேட்டதுமே கௌரியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

முதல் நாளே வேடிக்கை. பொதட்டூர்பேட்டையில் வாக்கப்பட்டு, கணவன் செத்தபின் தாய்வீடு திரும்பிய தாயாரம்மாள் என்பவள் ஒரு கிண்ணத்தில் கல்கண்டும் துண்டுக் கற்பூரமும் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். புராணம் வாசிக்கத் தொடங்கும்போது அப்படித்தானே செய்வார்கள்? ஷாஜாதி ஒரு கணம் விழித்தாள். பிறகு கல்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "கற்பூரம் வேண்டாம், கூரை ஓலை" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் வகுப்பே அவள் பக்கம் வந்துவிட்டது.

அடுத்த வம்பும் அன்றைக்கே வந்தது. மாமியார்க்காரி செண்பகத்தின் பானை சட்டியைத் தெருவில் எறியும் இடத்தில் மணியடித்தது. ஷாஜாதி புத்தகத்தை மூடினாள்.

"அழுகையில நிறுத்தாதீங்க டீச்சர், வூட்டுக்கு ஆகாது" என்றாள் தாயாரம்மாள்.

"எனக்கு வண்டி போயிடும்."

"ஒரே ஒரு நல்ல வார்த்தை படிச்சிட்டுப் போங்க. அப்பறம் வண்டியாச்சு நீங்களாச்சு."

ஷாஜாதி அடுத்த அத்தியாயத்தைப் புரட்டினாள். அங்கே பசு கன்று போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு ஓடினாள். அன்று முதல் எந்த நாளும் நல்ல வரி ஒன்று வராமல் வகுப்பு முடிந்ததில்லை. சில நாள் அந்த வரியைத் தேடி நாலு பக்கம் போக வேண்டியிருந்தது, சில நாள் வண்டியும் போனது.

ஷாஜாதி கதையை வெறுமனே படித்துவிட்டுப் போகிறவள் இல்லை. நிறுத்தி நிறுத்திக் கேட்பாள். கதை நடக்கிற இடத்துக்குக் களம் என்று பேர், வருகிறவர்களுக்குப் பாத்திரம் என்று பேர். "சிரிப்பு மல்லிகை போல இருந்தது என்றால் உவமை. போல என்பதை விட்டுவிட்டு, சிரிப்பு மல்லிகை உதிர்ந்தது என்று இரண்டையும் ஒன்றாக்கினால் உருவகம்" என்று அவள் சொன்னபோது, கௌரியம்மாள், "மல்லி உதுந்தா எனக்கு நஷ்டம் டீச்சர், சிரிப்பு வராது" என்றாள். ஷாஜாதியே புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

மாமியாரை எல்லோரும் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். ஷாஜாதி விடமாட்டாள். "அவளுக்கு என்ன வேணும், அதைச் சொல்லுங்க முதல்ல. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஏதோ ஒண்ணு வேணும். அது தெரிஞ்சாத்தான் ஆளைத் தெரியும்."

கௌரியம்மாள் யோசித்துச் சொன்னாள். "அவளுக்குப் புள்ள வேணும். புள்ள போனதுக்கு யார்மேலயாவது பழி போட்டாத்தான் அவளுக்குச் சோறு எறங்கும்." ஷாஜாதி அவளைப் பார்த்த பார்வையில் அன்று ஒரு மரியாதை ஏறியது.

பிறகு வந்ததுதான் வினை. அன்றைய பாடம் முன்குறிப்பு. மாணிக்கம் புறப்படும் நாளில் விளக்குக் கண்ணாடி விரிசல் விட்டதை முதல் அத்தியாயத்திலேயே படித்திருந்தார்கள். யாரும் கவனிக்கவில்லை. ஷாஜாதி அந்த இடத்துக்குத் திரும்பிப் போய்க் காட்டினாள். "பின்னால வரப்போறதை எழுதறவர் முன்னாலயே சின்னதா சொல்லி வெச்சிருப்பார். கண்ணு இருக்கிறவங்களுக்குத் தெரியும்."

கௌரியம்மாளுக்குக் கண் இருந்தது. கிணற்றுக் கயிறு நைந்தது, காக்கை சோறெடுக்காமல் போனது, படகுக்காரன் பாட்டைப் பாதியில் விட்டது, ஒவ்வொன்றையும் மற்றவர்களுக்கு முன்னால் அவள் சொன்னாள். "மாணிக்கம் வரமாட்டான் டீச்சர்" என்றாள். ஷாஜாதி, "பார்க்கலாம்" என்றதோடு சரி. கெட்டிக்கார மாணவி கிடைத்த சந்தோஷம் அவளுக்கு. அந்தக் கண் வகுப்பு முடிந்தபிறகும் மூடாது என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

நாரைக் கிழித்துக்கொண்டே கௌரியம்மாள் தன் கதையைப் படிக்கத் தொடங்கிவிட்டாள். துரைக்கண்ணு புறப்பட்ட அன்று ஸ்டேஷன் ரோட்டில் மாட்டுவண்டி அச்சு முறிந்தது. அவன் மோரைப் பாதி குடித்து வைத்துவிட்டுப் போனான். "வரேன்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "போறேன்" என்று சொன்னான். அன்றைக்கெல்லாம் தெரியாமல் போயிற்றே! எல்லாம் முன்னாலேயே சொல்லி வைத்திருந்தது, படிக்கத் தெரியாத முட்டாளாக இருந்தது தான்தான் என்று அவளுக்கு ஆகிவிட்டது. பூக் கட்டும் கை தானாக ஓடியது, வாய்ப் பேச்சு நின்றுபோயிற்று. வாடிக்கைக்காரர்கள் பேரம் பேசி ஜெயித்தார்கள்.

அந்தப் பக்கத்தில் புராணம் வாசிக்கும் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய சங்கடம் வந்தால் குளித்து, சாமியை நினைத்து, கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தின் ஏடுகளுக்கு நடுவே ஒரு கயிற்றைச் சொருகுவார்கள். கயிறு விழுந்த பக்கத்தில் இருப்பதுதான் சாமியின் பதில். இதற்குக் கயிறு சாத்திப் பார்ப்பது என்று பேர். மார்கழிக் கிருத்திகையன்று ஈரத்தலையோடு வகுப்புக்கு வந்த கௌரியம்மாள், ஷாஜாதி தலைமையாசிரியர் அறைக்குப் போன நேரத்தில் அதைச் செய்தாள். ஆடிப்பெருக்குக்குத் தாலிக் கயிறு மாற்றியதில் மிச்சமிருந்த மஞ்சள் கயிறு அது. பிரித்துப் பார்த்தாள். ஓட்டமாகவே படிக்க வந்தது.

"மணலில் அவன் எழுதிவிட்டுப் போன பெயரை அலை வந்து அழித்தது. செண்பகம் அதை மறுபடி எழுதவில்லை."

அன்று மாலையே ராஜவேலு வீட்டுக்குப் போய், "தெரிஞ்சிடுச்சு பாவா. அவரு இல்ல. காரியம் பண்ணிடுங்க" என்றாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். தை அமாவாசைக்கு நாள் குறித்தார்கள். கௌரியம்மாள் அதற்குப் பிறகு வகுப்புக்குப் போகவில்லை.

புத்தகத்திலிருந்து மஞ்சள் கயிறு நீட்டிக்கொண்டிருப்பதை ஷாஜாதி மறு வகுப்பில் பார்த்தாள். இன்னும் வாசிக்காத பக்கம் அது. "கதையை முந்திப் படிச்சது யாரு? அடையாளம் வேற வெச்சிருக்கீங்க!" என்று கோபித்துக்கொண்டாள்.

தாயாரம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுக் கன்னத்தில் கை வைத்தாள். "இது படிக்க வெச்சதில்ல டீச்சர். கௌரி கயிறு சாத்தியிருக்கா." பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், குறித்த நாள் உட்பட.

"கதைப் புத்தகத்திலயா?"

"புத்தகம்னா புத்தகம்தானே டீச்சர்? கல்கண்டு வெச்சுதானே ஆரம்பிச்சோம்."

ஷாஜாதி அந்தப் பக்கத்தைப் படித்தாள். வகுப்பை அப்படியே விட்டுவிட்டு மலையடிவாரத்துக்கு நடந்தாள்.

கௌரியம்மாள் தலை நிமிராமல் கதம்பம் கட்டிக்கொண்டிருந்தாள். ஷாஜாதி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, முன்னாலயே சொல்லி வெச்சிருக்கும்னு" என்றாள் கௌரியம்மாள். அச்சு முறிந்ததையும், மோரையும், "போறேன்" என்றதையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். "எல்லாம் சரியா இருக்குது பாருங்க. கயிறும் அதையேதான் சொல்லிச்சு."

ஷாஜாதி அவள் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு வேற என்ன நடந்துச்சு?"

"இன்னா வேற?"

"அச்சு முறிஞ்சதுக்கு முன்னாடி, பின்னாடி. சின்னதா இருந்தாலும் பரவாயில்ல. எல்லாத்தையும் சொல்லுங்க."

கௌரியம்மாள் நாரை வைத்துவிட்டு யோசித்தாள். "அவரு வாசப்படி தாண்டறப்போ எதுத்த வூட்டு அக்கா நெறைகொடம் எடுத்துகினு வந்தா. கோயில் மணி அடிச்சுது. அவருக்கு ஜலதோஷம், தும்மிகினே இருந்தாரு. பக்கத்து வூட்டு ஆடு வந்து என் கூடையில வாய வெச்சிடுச்சு. அத்த வெரட்டிகினு நான் ஓடறேன், அவரு வண்டியில உக்காந்துகினு சிரிக்கறாரு." சொல்லும்போதே அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"நிறைகுடம் எதிர்ல வந்ததே, அது எதுக்கு முன்குறிப்பு?"

கௌரியம்மாள் கீழே வைத்த நாரை மறுபடி எடுத்தாள்.

"கதை எழுதறவரா இருந்தா ஆட்டை நீக்கியிருப்பார். ஜலதோஷத்தை நீக்கியிருப்பார். வரலைன்னு முடிக்கப் போறார்னா நிறைகுடத்தையும் நீக்கியிருப்பார். அவருக்கு முடிவு தெரியும், அதுக்கு வேண்டியதைத்தான் வெச்சுப்பார். உங்க வாசல்ல அன்னிக்கு அப்படி ஒருத்தரும் உக்காந்து எழுதல, கௌரியம்மா. அதனாலதான் எல்லாமே இருக்கு. இதை நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும். பாதிப் பாடத்தோட விட்டுட்டேன்."

"சாமி எழுதியிருக்கும் இல்ல?"

"எழுதியிருக்கலாம். எங்க வீட்லயும் அப்படித்தான் சொல்வாங்க. ஆனா அந்தப் புத்தகம் நம்ம கையில இல்லையே. நீங்க கயிறு வெச்சது பரீட்சைக்கு வெச்ச புத்தகம்."

கௌரியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப அவரு இருக்காரா?"

"தெரியாது."

"இல்லியா?"

"அதுவும் தெரியாது."

இத்தனை வருஷத்தில் அவளிடம் அப்படிச் சொன்ன முதல் ஆள் ஷாஜாதிதான். மற்றவர்களெல்லாம் "வந்துடுவாரு" என்றார்கள், அல்லது உச்சுக்கொட்டினார்கள். தெரியாது என்று ஒருவரும் சொன்னதில்லை. அது பயமாகவும் இருந்தது, மூச்சு விடுகிற மாதிரியும் இருந்தது. ஷாஜாதி எழுந்து போன பிறகு வெகுநேரம் அவள் ஒரு கண்ணிப் பூவும் கட்டவில்லை.

ராஜவேலு வீட்டுப் படியேறுவதற்கு அவளுக்கு எத்தனை தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கப் போகிறாள், அதுவும் சாவுச் சொல்லை. உள்ளே கமலா வெளுத்த முகத்தோடு சுவரில் சாய்ந்திருந்தாள்.

"பாவா, அவரு இல்லன்னு நான் சொன்னது தெரிஞ்சு சொன்னதில்ல."

"நாள் குறிச்சாச்சும்மா. ஐயருக்குச் சொல்லியாச்சு."

"வேணாம் பாவா."

"அப்ப உசுரோட இருக்கான்றியா?"

"அதுவும் சொல்லல. எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

ராஜவேலுவுக்குக் கோபம் வந்தது. அவருக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. "கதை படிச்சு புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? ஒரு நாளைக்கு ஒண்ணு பேசறே!"

அவள் அழவில்லை. மாமியாரைத் திட்டாமல் அவளுக்கு என்ன வேண்டும் என்று பார்க்கச் சொன்ன பாடம் அவளுக்கு அப்போது ஞாபகம் வந்ததோ என்னவோ, கமலாவைப் பார்த்தாள். "உங்களுக்கு இன்னா வேணும்னு எனக்குத் தெரியும் பாவா. கமலாவுக்கு ஒரு புள்ள நிக்கணும். எனக்கும் அதுதான் வேணும். அதுக்கு நான் காவடி எடுக்கறேன், முட்டி போட்டே மலையேறுன்னாலும் ஏறறேன். ஆனா அதுக்காக உங்க தம்பிய என் வாயால சாவடிக்கச் சொல்லாதீங்க. என்னால ஆவாது."

பதிலுக்கு நிற்காமல் அவள் படியிறங்கி வந்துவிட்டாள்.

தை அமாவாசையன்று குளத்தங்கரையில் நல்ல கூட்டம். கௌரியம்மாள் தன் சாக்கில் உட்கார்ந்து எள்ளுக்கும் தர்ப்பைக்கும் வந்தவர்களுக்குப் பூக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கண் மட்டும் படித்துறையில் இருந்தது. ராஜவேலு இடுப்பளவு தண்ணீரில் நின்றார். ஐயர் கேட்கக் கேட்க அப்பா பெயர், பாட்டனார் பெயர், அவருக்கு முந்தியவர் பெயர் என்று சொல்லித் தண்ணீர் விட்டார். பிறகு ஐயர் வேறு யாராவது உண்டா என்று கேட்டிருக்க வேண்டும். ராஜவேலு தலையைத் தூக்கி அவள் இருந்த பக்கம் பார்த்தார். கையில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. கடைசியில் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுக் கரையேறினார்.

ஈரத் துண்டோடு அவள் கடை முன்னால் நின்றார். "கமலாவுக்கு ஒரு மொழம் குடும்மா" என்றார். அவள் இரண்டு முழமாக அளந்து கொடுத்தாள். அவ்வளவுதான் பேச்சு.

கௌரியம்மாள் மறுபடி வகுப்புக்கு வந்தாள். வாயும் திரும்பி வந்தது. பரீட்சைக்குச் சில நாள் முன்னால் கடைசி அத்தியாயம். அழிந்துபோன பெயரைப் பற்றிய பக்கம் வந்தபோது எல்லோரும் அவளைப் பார்க்காதது போல் பார்த்தார்கள். ஷாஜாதி நிற்காமல் வாசித்தாள். ஆற்றில் ஒரு படகு வருகிறது. படகுக்காரன் அன்று பாதியில் விட்ட பாட்டைப் பாடிக்கொண்டு வருகிறான். படகிலிருந்து ஒருவன் காலை நொண்டிக்கொண்டு இறங்குகிறான். செண்பகம் குடத்தைக் கீழே வைக்கிறாள்.

மாணிக்கம் வந்துவிட்டான்! வகுப்பில் ஒரே கூச்சல். நைந்த கயிறும் காக்கையும் வாசகரை ஏமாற்றுவதற்கென்றே வைத்தவை என்று ஷாஜாதி சொன்னது யார் காதிலும் விழவில்லை. தாயாரம்மாள் ஓலைக் கூரையைப் பற்றிக் கவலைப்படாமல் வாசலில் கற்பூரம் ஏற்றினாள். ஏற்றிவிட்டு ஓடிவந்து கௌரியம்மாளின் கன்னத்தைப் பிடித்தாள்.

"கயிறு விழுந்த பக்கம் கெட்ட பக்கமில்லடி! அதுக்கப்பறம்தானே அவன் வரான்! உன் வூட்டுக்காரரும் வந்துடுவாரு, எழுதி வெச்சுக்க!"

எல்லாப் பெண்களும் "ஆங், ஆங்" என்றார்கள். இத்தனை நாள் குங்குமத் தட்டை நிறுத்தி நிறுத்தி நீட்டிய கைகள் அன்று அவளைச் சுற்றிச் சூழ்ந்துகொண்டன. கௌரியம்மாளின் கண்ணில் நீர் வழிந்தது. செண்பகத்துக்காக வந்த ஆனந்தக் கண்ணீர் அது. அதைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"சும்மா இரு தாயாரம்மா. அவளுக்கு எழுதறதுக்கு ஒரு ஆளு இருந்தாரு, வர வெச்சாரு."

"நல்ல வார்த்தை சொன்னா ஏத்துக்க மாட்டியா?"

"கெட்டதுக்கு வேணாம்னுட்டு நல்லதுக்கு மட்டும் கைய நீட்டினா ஞாயமா?"

கெட்ட சகுனத்தைத் தள்ள, துக்கத்தில் இருக்கிற யாராலும் முடியும். நல்ல சகுனம் தானாக மடியில் வந்து விழும்போது, அதுவும் அத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறவள், வேண்டாம் என்று எடுத்து வைப்பதென்றால் அதற்குத் தனி நெஞ்சு வேண்டும். அவளை நினைத்தால் எனக்குக் கைகூப்பத் தோன்றுவது இந்த இடத்தில்தான்.

அவள் பரீட்சையில் தேறினாள். பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தாள், கிருத்திகை நாட்களில் பூவும் கட்டினாள். கமலாவின் பிள்ளையை முதலில் கையில் வாங்கியது அவள்தான். துரைக்கண்ணு வந்தானா என்று கேட்பீர்கள். அந்த நாற்பதுகள் முடியும்வரை அவன் வரவில்லை, செத்தான் என்ற செய்தியும் வரவில்லை. ஊர் கேட்பதையும் நிறுத்தவில்லை. "தெரியாது" என்று அவள் நிமிர்ந்து பார்த்துச் சொல்வாள். குங்குமத் தட்டு வந்தால், நீட்டுகிறவளின் கை தயங்குவதற்குள் தானே எடுத்து வைத்துக்கொள்வாள்.

கதை முடிந்த அந்தச் சாயங்காலம் அவள் ஷாஜாதியோடு ஸ்டேஷன் வரை நடந்தாள். வண்டி அச்சு முறிந்த இடம் வந்தது. இருவரும் நிற்காமல் கடந்தார்கள். பிளாட்பாரத்தில் நின்றபோது கௌரியம்மாள் கேட்டாள்.

"டீச்சர், அன்னிக்கு என் சாக்குல வந்து உக்காந்தீங்களே. மாணிக்கம் வந்துடுவான்னு அன்னிக்கே உங்களுக்குத் தெரியும் இல்ல?"

"தெரியும். நான் முழுக்கப் படிச்சுட்டுத்தானே பாடம் எடுக்க வந்தேன்."

"நான் தாலிய கழட்டறேன்னு உக்காந்திருந்தேன். கடைசியில அவன் வந்துடறான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?"

ஷாஜாதி தூரத்தில் வண்டிப் புகையைப் பார்த்தாள். "சொல்லியிருந்தா அதையும் நீங்க நம்பியிருப்பீங்க."

கௌரியம்மாள் கழுத்துக் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"ஆங், நம்பியிருப்பேன்" என்றாள்.